மூன்றாம் மாடியின் நகல்

ஜூலை 1, திங்கள்

இன்றும் அந்த நாற்றம். கீழ்த்தளத்தில் என் அறைக்கும் மருத்துவக் கழிவு மூட்டைகளை அடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான் இருக்கிறது. கழிவு வண்டி சனிக்கிழமையே வரவில்லை போலிருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து எதுவோ ஒழுகி என் கதவடி வரைக்கும் வந்து காய்ந்திருந்தது. ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் மேல் போன் போட்டேன், ஒருவரும் வரவில்லை. கடைசியில் நானே பினாயில் ஊற்றித் தள்ளினேன். ஈரோட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றின் நெட்வொர்க் பொறுப்பாளர், எம்.இ. படித்த வான்மதி, கையில் துடைப்பத்தோடு.

மதியத்துக்கு முன் நிர்வாக அதிகாரி தெய்வசிகாமணி கூப்பிட்டார். தட்டில் பப்பாளித் துண்டுகள். பல்குத்தியால் ஒரு துண்டைக் குத்தி வாயில் போடுவார், அதே குச்சியால் பல்லைக் குடைவார், அதே குச்சியால் அடுத்த துண்டைக் குத்துவார். தட்டை என் பக்கம் வேறு தள்ளினார்.

"எடுத்துக்கோங்க மேடம். நம்ம தோட்டத்துதுங்க."

வயிறு சரியில்லை என்றேன்.

"மூணாவது மாடி நர்ஸுங்களோட கம்ப்யூட்டர்லயும் போன்லயும் என்ன வருது, என்ன போகுதுன்னு அத்தனைக்கும் ஒரு நகல் என்னோட ரூமுக்கு வரோணும். ஆகுமுங்களா?"

"ஆகும் சார். டிராஃபிக் ஃபார்வர்டிங்னு சுவிட்சுலயே ஒரு வசதி இருக்கு. ஆனா எதுக்குன்னு..."

"பேஷண்ட் விவரமெல்லாம் வெளிய போகுதுங்க. அக்கட்ட இருக்கற ஆஸ்பத்திரிக்காரன் நம்ம பேஷண்ட்டுக்கே போன் பண்ணிக் கூப்புடறான். யாரு குடுக்கறாங்கன்னு பாக்கோணும். உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்."

நோயாளிகளின் விவரத்தைக் காப்பது நியாயமான காரியம்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

நியாயமான காரியத்தில் ஒரு கோளாறு.

மாடிக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. விளக்கு போடும் சுவிட்ச் அல்ல. தட்டையான இரும்புப் பெட்டி. அந்த மாடியின் கம்ப்யூட்டர், போன், கேமரா, வருகிறவர்கள் தட்டிக்கொண்டிருக்கும் வைஃபை, எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வரும். படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கும் அழைப்புப் பொத்தானும் அப்படித்தான். நோயாளி அழுத்தினால் நர்ஸ் கையில் இருக்கும் போன் அலறும். அந்தச் செய்திக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்து வைத்திருக்கிறேன். நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் ஒதுங்குவது போல மற்றதெல்லாம் அதற்கு ஒதுங்கும்.

இந்த மாடல் சுவிட்சில் நகல் அனுப்புவதும் முன்னுரிமையும் சேர்ந்து வேலை செய்யாது. கையேட்டின் கடைசிப் பகுதியில், கொசு உட்கார்ந்தாற்போன்ற எழுத்தில் போட்டிருக்கிறான். ஃபார்வர்டிங்கை இயக்கினால் முன்னுரிமை தானாக நின்றுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. திரையில் இரண்டும் இயங்குவதாகவே காட்டும். இப்படி ஒரு பொருளைச் செய்து, இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு, அந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான்.

ஜூலை 3, புதன்

அவரிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் உதாரணத்தோடே சொன்னேன். புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"அப்ப பட்டன் வேலை செய்யாதுங்களா?"

"செய்யும் சார். கூட்டம் இல்லாதப்போ ஒழுங்கா வரும். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துல வைஃபையும் ஸ்கேன் படமும் நெருக்கறப்போ தாமதமாகலாம். சில சமயம் வராமலே போகலாம். நகல் எடுக்கறதுனால நெரிசல் இன்னும் கூடும். மேல் மாடல் சுவிட்ச் வாங்கிட்டா ரெண்டும் சேர்ந்து..."

"அதெல்லாம் இந்த வருஷம் ஆவறதில்லைங்க." சிரித்தார். பல்லிடுக்கில் கீரை. "பட்டன் இல்லாத காலத்துல ஆஸ்பத்திரியே நடக்கலைங்களா? வாய் இருக்குதில்ல, கூப்புடுவாங்க."

ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்கள் சார், செய்துவிடுகிறேன் என்றேன்.

"நமக்குள்ள எதுக்குங்க மெயிலு? அந்தக் கீழ் ரூமுல நீங்க படற பாட்டை நான் பாக்காமயா இருக்கேன்? செய்யறேன், செய்யறேன்."

செய்துவிட்டேன். நான்கு வரிக் கட்டளை. விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது.

ஜூலை 6, சனி

மித்ராவின் தலையில் பேன். பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஈருளியால் இழுக்க இழுக்க வெள்ளைத் துணியில் உதிர்ந்து நெளிகின்றன. நகத்தில் வைத்துக் குத்தியதில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழந்தையோ "அம்மா, எத்தனை, காட்டு காட்டு" என்று குதூகலிக்கிறாள்.

அரை நாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் மாடி தலைமை நர்ஸ் செசிலி மேரி கூப்பிட்டு அனுப்பினார். நேற்று மாலை ஒரு தாத்தா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டாராம்.

"ரொம்ப அவமானப்பட்டுப் போயிட்டாருங்க, அழுதாரு. என் போன் அடிக்கவே இல்ல மதி. நல்லாப் போயிட்டிருந்ததுக்குத் திடீர்னு என்ன வந்துச்சு?"

"சாஃப்ட்வேர் அப்டேட் ஓடுது சிஸ்டர். முடிஞ்சா சரியாயிரும்."

வேறென்ன சொல்வது? வெளியில் சொல்லக்கூடாது என்றிருக்கிறது.

பேன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்து, தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொன்னார். சூட்டோடு தடவக்கூடாது என்று இருமுறை சொன்னார். அவருக்கு இன்று பதினாறு நோயாளிகள், உதவிக்கு ஒரே ஒரு நர்ஸ்.

ஜூலை 9, செவ்வாய்

என்னை முதல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் உள்ள அறை. ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மரும் பேக்கரியின் பின்புறமும் தெரிகின்றன. மதியம் பன் வேகும் வாசனை வருகிறது. நாற்காலிகூடப் புதிது, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது.

நான் கேட்கவில்லை. போன வருஷம் கேட்டேன், அது வேறு. அது இந்த விஷயத்துக்கும் முன்னால்.

ஜூலை 11, வியாழன்

நகல் வந்து சேரும் பெட்டி தகராறு செய்கிறதென்று தெய்வசிகாமணி கூப்பிட்டார். அவர் அறையில் மனிதவள அதிகாரியும் இருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு பொட்டலம் மிக்சர். திரையில் ஓடிக்கொண்டிருந்தது பேஷண்ட் விவரம் அல்ல. மருத்துவமனையின் சொந்தச் செய்திச் செயலியில் நர்ஸுகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது. அந்தச் செயலிக்குப் பூட்டும் இல்லை, மறைப்பும் இல்லை. நகல் கிடைத்தவன் எவனும் படிக்கலாம்.

சங்கம் வைப்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டாக்கச் சொல்லி யாரிடம் போவது, யார் முதலில் கையெழுத்துப் போடுவது, இப்படி. ஒரு பெண் தன் கரு கலைந்ததைத் தோழிக்கு எழுதியிருக்கிறாள். மறுநாளே டியூட்டிக்கு வந்தேன், நிற்க முடியவில்லை, யாரிடமும் சொல்லாதே என்று. அதைத் தெய்வசிகாமணி குரலை மாற்றி, பெண் குரலில் படித்துக் காட்டினார். மனிதவள அதிகாரி மிக்சர் தெறிக்கச் சிரித்தார். திரையில் ஒரு கடலைப் பருப்புத் தோல் எச்சிலோடு ஒட்டிக்கொண்டது.

அந்தத் திரையைத் தொட்டுத்தான் நான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. கேபிள் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன்.

வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

ஜூலை 13, சனி

மூன்றாம் மாடியில் இரண்டு நர்ஸுகளை நிறுத்திவிட்டார்கள். காரணம்: செயல்திறன் போதவில்லை. ஒருத்தி, கரு கலைந்தவள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ சொன்னதைச் செஞ்ச. மிச்சமெல்லாம் அவன் பாடு" என்றார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆறுதலாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

மித்ராவுக்கு இன்னும் ஈர் இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

கோமளவல்லி. முப்பத்தெட்டு வயது. மஞ்சள் மண்டியில் வேலை. காலையில் தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாம் மாடியின் கடைசி அறையில் இருந்தார். மாலை பார்வையாளர் நேரத்தில் கணவர் காபி வாங்கக் கீழே போயிருக்கிறார். அந்த நேரத்தில் கழுத்துக்குள் ரத்தம் கசிந்து மூச்சுக்குழலை நெருக்கியிருக்கிறது. இந்த அறுவையில் அபூர்வமாக நடக்குமாம். உடனே பார்த்தால் தையலைப் பிரித்துவிட்டுக் காப்பாற்றிவிடலாமாம்.

கணவர் காபியோடு வந்தபோது கையில் பொத்தானைப் பிடித்தபடி நீலம் பாய்ந்து கிடந்தாராம். மேரி சிஸ்டர் தாழ்வாரத்தின் மறுகோடி அறையில் இன்னொருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கணவர் அலறியது கேட்டு ஓடி வந்து, தானே தையலைப் பிரித்திருக்கிறார். இதயம் திரும்பத் துடித்தது. நினைவு திரும்பவில்லை. ஐ.சி.யு.வில் இருக்கிறார்.

கழுத்தில் கட்டு. அவரால் கத்தியிருக்க முடியாது.



ஜூலை 17, புதன்

காலையில் நான் நாற்காலியில் உட்காரும் முன்பே போன். "அதை எடுத்துப் போடுங்க மேடம். பழையபடி பண்ணிப்போடுங்க."

எடுத்தேன். முன்னுரிமை திரும்ப வந்துவிட்டது.

பிறகு விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தெய்வசிகாமணி, மனிதவள அதிகாரி, இரண்டு டாக்டர்கள். எல்லோரும் கடைசி அறைக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினார்கள். நர்ஸ் போன் அந்தக் கணமே அலறியது. தெய்வசிகாமணி என்னைப் பார்த்து, "கருவி நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றார். பணிவு சொட்டும் குரல்.

"நல்லா வேலை செய்யுது சார்."

நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நல்லாத்தான் வேலை செய்தது.

அழைப்பைக் கவனிக்காமல் அலட்சியமாக இருந்ததாகச் செசிலி மேரியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். கோமளவல்லியின் கணவர் அர்த்தநாரி தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். மேரி சிஸ்டர் அவரைத் தாண்டிப் போகையில், "போன்ல பேசிட்டு இருந்தியா, தூங்கிட்டிருந்தியா? என்ன பண்ணிட்டிருந்த சொல்லு!" என்று கத்தினார். சிஸ்டர் நின்று பதில் சொல்லப் பார்த்தார். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்.

மதியச் சாப்பாடு வாந்தியாகிவிட்டது. கேண்டீன் சாம்பாரில் ஏதோ கோளாறு.

ஜூலை 19, வெள்ளி

மேரி சிஸ்டர் என் அறைக்கு வந்தார். யூனிபார்ம் இல்லாமல் சேலையில் அவரைப் பார்த்து அடையாளமே தெரியவில்லை. தன் பொருட்களை எடுத்துப்போக வந்தாராம். உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன் மதி."

"எதுக்கு சிஸ்டர்?"

"போன் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. அடிச்சுது, நீதான் கேக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. இருபத்திரண்டு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன், ஒருவேளை காது போயிருச்சோன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்குன்னாங்க." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்ப மனசுதான் சரியில்லைபோல. கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்போல. ராத்திரியெல்லாம் மணி கேக்குது இப்போ."

நான் மேஜையில் இருந்த தூசியைத் துடைத்தேன்.

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "அன்னைக்கு அப்டேட் ஓடுதுன்னு சொன்னீங்களே. அது எப்ப முடிஞ்சுது?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரியலை சிஸ்டர். பார்த்துச் சொல்றேன்."

அவர் போனபின் அந்த அறையில் உட்கார முடியவில்லை. பேக்கரியிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது, ஜன்னலைச் சாத்தினேன். என் கை, என் சேலை, எல்லாவற்றிலும் ஏதோ ஒட்டியிருப்பது போல இருந்தது. மித்ராவிடமிருந்து பேன் தொற்றிவிட்டதோ என்று கண்ணாடி முன் நின்று தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 20, சனி

கோமளவல்லி இறந்துவிட்டார்.

ஜூலை 22, திங்கள்

வரவேற்பறையில் அவர் படம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தெய்வசிகாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் குனிந்து கும்பிட்ட விதம்! எச்சில் இலையை எடுக்கிற முகபாவம். கூட்டம் கலைந்ததும் என் அருகே வந்து, "சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரம்மா விசாரணைக்கு வர்றாங்க. புதன்கிழமை. அன்னைக்குச் சொன்னதையே சொன்னாப் போதுமுங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே படகுல" என்றார். தோளைத் தட்டினார். ஈரக் கை.

வீட்டில் இவரிடம், புதன்கிழமை நிஜத்தைச் சொல்லப் போகிறேன் என்றேன். இந்த முறை டிவியை அணைத்தார்.

"உன் மேலயும் கேஸ் வரும். கட்டளை போட்டது உன் கைதானே?"

"ஆமா."

"குழந்தையை நினைச்சியா?"

"கோமளவல்லிக்கும் ரெண்டு இருக்கு."



ஜூலை 24, புதன்

வந்தவர் டாக்டர் உமையாள். அதிகம் பேசாதவர். மேரி சிஸ்டரையும் அர்த்தநாரியையும் வரச் சொல்லியிருந்தார். கூட்ட அறையில் ஏலக்காய் டீ, முந்திரி பிஸ்கட். தெய்வசிகாமணி உபசரித்துக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது.

"மேடம், பார்வையாளர் நேரம் வரைக்கும் காத்திருக்க முடியுமா?" என்றேன். "மேல போய்க் காட்டறேன். சொன்னாப் புரியாது."

தெய்வசிகாமணி பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார். "என்னத்தைங்க காட்டறது? அதெல்லாம் அன்னைக்கே..."

"அவங்க பேசட்டும்" என்றார் டாக்டர் உமையாள்.

ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள் வந்து மூன்றாம் மாடி நிறைந்ததும், எல்லோரும் கடைசி அறைக்குப் போனோம். காலியாக இருந்தது. மேரி சிஸ்டர் கையில் நர்ஸ் போனைக் கொடுத்தேன். லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து, அந்த நான்கு வரிகளை மறுபடி அடித்தேன். என்ன செய்கிறேன் என்பதைச் சொல்லிக்கொண்டே அடித்தேன்: இது மூன்றாம் மாடிப் போக்குவரத்தின் நகலை நிர்வாக அறைக்கு அனுப்பும். இதை இயக்கினால் அழைப்பு மணியின் முன்னுரிமை நின்றுவிடும். ஜூலை மூன்றாம் தேதியிலிருந்து பதினேழாம் தேதி காலை வரை இப்படித்தான் இருந்தது. இயக்கியது நான். இயக்கச் சொன்னது, இதோ நிற்கும் தெய்வசிகாமணி. இப்படி ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

டாக்டர் உமையாள் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். அர்த்தநாரி, "நான் அமுக்கறனுங்க" என்றார்.

அழுத்தினார். எல்லோரும் சிஸ்டர் கையையே பார்த்தோம். சத்தமில்லை. திரும்ப அழுத்தினார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ வீடியோவில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும் தடங்கலில்லாமல் கேட்டது. அர்த்தநாரி விடாமல் அழுத்தினார். கட்டைவிரல் வெளுத்துவிட்டது. யாரும் அவரை நிறுத்தவில்லை. மேரி சிஸ்டர் போனைக் காதோடு வைத்துக்கொண்டார், கேட்காதது தன் குற்றம்போல.

வெகு நேரம் கழித்து அது ஒரு முறை அலறியது. சிஸ்டர் அதைக் கீழே போட்டுவிட்டார். நான் அந்த நான்கு வரிகளையும் உடனே எடுத்துவிட்டேன்.

"அப்ப எம்பொண்டாட்டி கூப்புட்டிருக்குது" என்றார் அர்த்தநாரி. "கூப்புட்டுட்டேதான் இருந்திருக்குது." பிறகு மேரி சிஸ்டரைப் பார்த்துக் கைகூப்பினார். சிஸ்டர் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

படியிறங்கும்போது தெய்வசிகாமணி என் காதருகே, "என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நல்ல ரூமெல்லாம் குடுத்தேன்" என்றார். நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அவர் என்னைப் பற்றி நினைத்திருந்தது அவ்வளவுதான். இரண்டு வாரம் அது சரியாகவும் இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

போலீஸ் புகாரில் முதல் பெயர் தெய்வசிகாமணி. இரண்டாவது பெயர் என்னுடையது. அவர் நெஞ்சுவலி என்று கோயம்புத்தூரில் வேறொரு மருத்துவமனையில் படுத்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீலுக்கு இவரே போன் செய்தார்.

காலையில் துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். கிரைண்டரைக் கழுவுகையில் அடிப்பக்கத்தில் பழைய மாவு பூசணம் பிடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க வெகு நேரமாயிற்று.

ஜூலை 28, ஞாயிறு

மேரி சிஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தப்பட்ட இரண்டு பேரையும்கூட. தெரிந்ததும் போன் செய்தேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன், எடுத்துவிட்டார்.

"சிஸ்டர், நான் வான்மதி."

"ம்."

"அப்டேட் எதுவும் ஓடலை சிஸ்டர். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"அதான் எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே." வார்டின் சத்தம் பின்னால் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள், "இருங்க வர்றேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க மதி. எனக்கு வரமாட்டேங்குது."

"வேண்டாம் சிஸ்டர்." நிஜமாகவே வேண்டாம். சொல்லியிருந்தால் எனக்குக் குமட்டியிருக்கும்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தம்மா எத்தனை தடவை அழுத்தினாங்கன்னு உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா?"

"இருக்கும்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சிஸ்டர்."

பின்னால் யாரோ மறுபடி தண்ணீர் கேட்டார்கள்.

"சொல்லாதீங்க" என்றார். வைத்துவிட்டார்.

சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.